இரண்டு டாக்டர்களும் ஒரே நோட்டில் எழுதட்டும்

நீலகிரி மாவட்ட மருத்துவத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். மலையில் புற்றுநோய் வந்தவர்கள் கோவைக்கும் இங்குமாக எப்படி அலைகிறார்கள் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. அந்த அலைச்சலைப் பற்றியும் இந்த மடல் இல்லை. கொண்டை ஊசி வளைவு எங்களுக்குப் பழகிவிட்டது. இரண்டு வியாதி உள்ள ஒரே மனுஷியை மேலே மலையில் ஒரு நோயாளியாகவும் கீழே கோவையில் வேறொரு நோயாளியாகவும் பார்க்கிறார்களே, அதைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அது வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே இளைப்பும் சளியும் உண்டு. சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருக்கிறது, மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துப்போகும் நுரையீரல் நோய். எங்கே போனாலும் முதல் கேள்வி, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" வெற்றிலைகூடப் போடாதவர். இல்லை என்றதும் கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. அடுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் சில்வர் ஓக் விறகும்தான் இந்த வீட்டில் எப்போதும் எரிந்தது. விடியுமுன் வெந்நீர், அப்புறம் சோறு, உறைபனிக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு. கொழுந்து பறிக்கப் போகும் முன்பே அரை நாள் புகை உள்ளே போயிருக்கும். விறகுப் புகையும் மூச்சுக்குழாயைக் கெடுக்கும் என்று படித்தவர்கள் நீங்கள். அதைக் கேட்டு எழுத சீட்டில் ஒரு வரி இடம் போதும்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா வழக்கமாக இழுக்கும் இன்ஹேலர் மேலே, நாங்கள் போகும் இடத்தில், தீர்ந்துபோயிருந்தது. "ஸ்டாக் வரும்போது வாங்கிக்கோ" என்று, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் தியோஃபிலின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவும் வேளை தவறாமல் போட்டார். கீழே கீமோ ஏற்றி ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல். வெள்ளணு குறைந்திருக்கிறது என்று சொல்லி, கீழே இருந்தவர்கள் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சீட்டிலும் குற்றமில்லை. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் உள்ளே போனால், கல்லீரல் தியோஃபிலினைக் கழிக்கும் வேகம் குறைந்துவிடும். போடுகிற மாத்திரை அதேதான், இரத்தத்தில் அதன் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அளவு மிஞ்சினால் வாந்தி, படபடப்பு, கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம்.

அம்மாவுக்கு வாந்தி நிற்கவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்தால் தண்ணீர் புடவையில்தான் சிந்தியது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார், படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று. கீழே போன் செய்து கேட்டால், "கீமோன்னா அப்படித்தாம்மா இருக்கும்." மேலே கேட்டால், "கேன்சர் கேஸ், அவங்களையே கேட்டுக்கோங்க." கடைசியில் கண்டுபிடித்தவர் பஜாரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அண்ணன். வாந்தி மாத்திரை வாங்கப் போன இடத்தில், இரண்டு சீட்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா சேர்த்துப் போடச் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

அதனால் கேட்பது ஒன்றே ஒன்று. வாரத்தில் ஒரு நாள், மலைமேலேயே ஓர் இடத்தில், புற்றுநோய் பார்ப்பவரும் நெஞ்சுநோய் பார்ப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுத வேண்டும். கோவை டாக்டர் நேரில் வர முடியாவிட்டால் போனில் பேசட்டும். எழுதுவது மட்டும் ஒரே நோட்டில் இருக்கட்டும்.

அப்படிச் சேர்ந்து பார்த்தால் என்னவெல்லாம் கண்ணில் படும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கீமோவில் வாயெல்லாம் புண்ணாக இருப்பவருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தால், இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை பிடிக்கும். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சோர்ந்த கையால் இன்ஹேலரை அழுத்தி அதே நேரத்தில் மூச்சையும் இழுக்க முடியாதவர்களுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரில் மாட்டி மெதுவாக இழுக்கும் குடுவை, தர வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைக் கீமோ தொடங்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது. இளைப்பு அதிகமானால் பழைய இளைப்புதான் என்றும் விடக்கூடாது, புற்றுநோய்தான் என்றும் விடக்கூடாது. இரத்தசோகையாக இருக்கலாம், சளிக்காய்ச்சலாக இருக்கலாம், நுரையீரலில் இரத்தம் கட்டியிருக்கலாம். அப்புறம் ஆக்சிஜன். சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும், அளவில்லாமல் திறந்துவிட்டால் உடம்பில் கரியமில வாயு தங்கிவிடும் என்பதுதான் முறை. எண் 90 என்று காட்டியதும் பதறிப்போய்க் குழாயை முழுசாகத் திருகிவிட்ட வார்டை நான் பார்த்திருக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி வைத்தால் யாரும் பதறவேண்டாம்.

கீழே இன்னொரு வேடிக்கை. நீலகிரி என்றதும், "அங்க நல்ல காத்தாச்சே, அப்புறம் என்ன இளைப்பு?" என்கிறார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். கெட்டுப்போன நுரையீரலுக்கு நல்ல காற்றும் பற்றாக்குறைதான். அந்த நல்ல காற்றை வாங்க வரும் கார்களை நாம் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்கிறோம்! 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ். எந்த வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர் மேட்டுப்பாளையம் தாண்டுமுன்பே அவர் விவரம் மேலே வந்துவிடுகிறது. எங்கள் ஊர் நோயாளி கீழே என்ன மருந்து சாப்பிட்டார் என்பது மட்டும் மலையேற மாட்டேன் என்கிறது. புற்றுநோய்க்காரர்களுக்கும் ஓர் இ-பாஸ் கொடுத்துவிட்டால் தேவலை.

கோபத்தில் வந்துவிட்டது, மன்னிக்கவும். குறை மட்டும் சொல்ல வரவில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளில் நம் மாவட்டத்துக்கும் ஒன்று கிடைத்தது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு மருத்துவமனையும் வந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை லைன் வீட்டு வாசலுக்கே வருவதை நன்றியோடுதான் சொல்கிறேன். அந்தப் பையில் ஓர் இன்ஹேலரையும் போட்டு அனுப்பியிருந்தால் அம்மா தியோஃபிலின் பக்கமே போயிருக்க மாட்டார். இடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரை ஒரே மேசையில் உட்கார வைக்கும் ஓர் உத்தரவுதான் பாக்கி.

அம்மாவுக்கு அடுத்தது நெஞ்சில் கதிர்வீச்சு. ஏற்கெனவே கெட்டுப்போன நுரையீரலுக்குப் பக்கத்திலேயே கதிர் பாயப் போகிறது. அதற்கு முன் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை வேண்டுமா, வேண்டுமென்றால் மேலேயா கீழேயா, முடிவைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பது யார் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. தயவுசெய்து வாரம் ஒரு நாள் அந்தக் கூட்டு வைத்தியத்தைத் தொடங்குங்கள். இரண்டு டாக்டர்களும் ஒரே நோட்டில் எழுதட்டும். உத்தரவுக்கு நாளாகுமென்றால், அதுவரை அம்மாவின் இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு எந்தக் கிழமை, எந்த அறைக்கு வரவேண்டும் என்பதை மட்டுமாவது தெரிவியுங்கள்.

பணிவுடன்,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்