கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

அன்பு மகளுக்கு,

விமானத்தில் போக எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட, வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தாயாமே, அந்தத் தூரத்தை நம்பாதே. 60 டிகிரி வட அட்சரேகையில், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள். அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போனால் ஏறக்குறைய 10,000 கி.மீ. துருவத்துக்கு மேலாகப் போனால் 6,670 தான். உருண்டையில் அதுதான் குறுக்குவழி. இப்படிப்பட்ட குறுக்குவழி தாளில் பெரும்பாலும் வளைவாகத் தெரியும்.

விமானம் அந்த வழியிலேயே போகும் என்பதும் நிச்சயமில்லை. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபின், ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து சுமார் பதின்மூன்று மணியாக நீண்டது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன!

தோராயமாகத் தெரிய, கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, விமானம் வானில் மேலேறவும் கீழிறங்கவும் அரை மணி சேர். கேட்டிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், இறங்கியபின் கேட்டுக்கு வருவதற்கும் இன்னொரு அரை மணி. டிக்கெட்டில் இருப்பது கேட்டிலிருந்து கேட் வரையான நேரம். 500 கி.மீ. பயணம் வகுத்தலில் 35 நிமிடம். டிக்கெட்டில் ஒன்றே கால் மணி, ஒன்றரை மணி என்று இருப்பது இதனால்தான்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசும். குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம். மணிக்கு 900 கி.மீ. ஓடும் விமானத்துக்கு 100 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5,500 கி.மீ.யை ஐந்தரை மணியில் கடக்கும். அதே காற்று எதிர்த்தால் ஆறு மணி 52 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர மொத்தம் 12 மணி 13 நிமிடம். காற்றோடு 12 மணி 22 நிமிடம். எதிர்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுசாகத் திருப்பித் தராது.

நீ தடுமாறக்கூடிய இடம் டிக்கெட்டில் இருக்கும் மணி. புறப்பாடு, வருகை இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். யூ.டி.சி. என்பது உலகப் பொது நேரம்; +8 என்றால் அதோடு 8 மணி கூட்டினால் அந்த ஊர் நேரம். யூ.டி.சி.+8 ஊரில் இரவு 23:30க்குக் கிளம்பி, யூ.டி.சி.+1 ஊரில் காலை 06:00க்கு இறங்கினால் ஆறரை மணி என்று தோன்றும். இரண்டையும் யூ.டி.சி.க்கு மாற்று: 15:30, மறுநாள் 05:00. பதின்மூன்றரை மணி! கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடு என்றால் ஒரு மணி நேரம் நகரும். பயணத் தேதிக்கு அங்கே என்ன நேரம் என்று பார்த்துக்கொள், இன்றைய வித்தியாசத்தை வைத்துப் போடாதே.

மாறிப் போகும் விமானத்துக்கு இடைவெளி பார்க்கும்போது, அது கிளம்பும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதே. கேட்டை அதற்குக் கால் மணி, இருபது நிமிடம் முன்னதாகவே மூடிவிடுவார்கள். இரண்டும் ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் அவர்களே வேறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு உன் தலையில். பெட்டியை எடுத்து, குடிவரவு தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். என் கணக்கில் அதற்கு நான்கு மணி நேரமாவது வேண்டும். இரண்டு மணி இடைவெளியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா