புலம்பெயர்ந்தோர் ஊழியத்தில் தோள் கொடுத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நம் சபையில் புலம்பெயர்ந்தோர் ஊழியம் தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டது. போன ஞாயிறு ஆராதனையில் நன்றி சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். போதகருக்கும் கமிட்டிக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, ஓடியாடி வேலை செய்தவர்களில் ஒருவரைக்கூட நான் சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன். இங்கேயும் பெயர்களை எழுதப்போவதில்லை. உங்கள் பெயர் வெளியே தெரிந்தால், நீங்கள் உதவிய குடும்பங்களையும் யாராவது கண்டுபிடித்துவிடக்கூடும். அவர்களில் சிலர் எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். படிக்கும்போது "இது நான்தான்" என்று உங்களுக்குப் புரிந்தால் போதும்.

முதலில் கார் அண்ணாவுக்கு. அந்த மாணவன் வந்த விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். நீங்கள் விடியற்காலை வரை விமான நிலையத்திலேயே நின்றீர்கள். அவனுடைய மொழியின் எழுத்திலேயே அவன் பெயர் எழுதிய அட்டையை யாரிடமோ கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தீர்கள், சரி. ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தீர்களே! இந்த நாட்டுக்கு வந்து தான் முதன்முதலில் சிரித்தது அதைப் பார்த்துத்தான் என்று அவன் இன்றும் சொல்கிறான்.

அடுத்து, மொழிபெயர்த்த அக்காவுக்கு. உங்களுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தாயை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, அவருடைய பத்து வயது மகனையே மொழிபெயர்க்க வைத்தேன். பிள்ளை நன்றாகப் பேசுகிறானே, வேலை சுலபமாக முடியுமே என்று நினைத்தேன். தாயின் நோயைப் பற்றி மருத்துவர் சொன்ன கெட்ட செய்தி அந்தப் பையன் வாயிலிருந்து வர வேண்டியதாயிற்று. அவன் பாதியில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கேள்விப்பட்டதும் நீங்கள் என்னைத் திட்டினீர்கள். திட்டியது நியாயம். அன்றிலிருந்து பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை என்று விதி வைத்தோம். ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களே வந்தீர்கள். சொன்னதைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. நோயாளி "எனக்குப் பயமாயிருக்கிறது" என்றால் நீங்களும் "எனக்குப் பயமாயிருக்கிறது" என்றே சொன்னீர்கள், "அவருக்குப் பயமாம்" என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிறு பிரசங்கத்துக்கு மொழிபெயர்த்த தம்பிமாருக்கும் நன்றி. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும் என்று போதகருக்குப் பழக்கிவிட்டது நீங்கள்தான். பிரசங்கத்தின் நீளமும் பாதியாகக் குறைந்தது. அதற்காகச் சபையார் தனியாக நன்றி சொல்கிறார்கள்!

மொழி வகுப்பு நடத்திய ஆசிரியைகளே, உங்கள் வகுப்பைப் பற்றித்தான் கமிட்டியில் அதிகம் சண்டை வந்தது. வகுப்பில் கட்டாய ஜெபம் கிடையாது, ஆராதனைக்கு வந்தால்தான் இடம் என்ற நிபந்தனையும் கிடையாது என்று உறுதியாக நின்றீர்கள். "அப்புறம் இது எப்படி ஊழியம்?" என்று ஒரு மூப்பர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், உன்னிடம் தங்கும் அந்நியனை உன்னைப் போலவே நேசி என்கிறது. காரணமாக, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்று நினைவூட்டுகிறது. அவன் என்ன நம்புகிறான் என்று பார்த்துவிட்டு நேசி என்று அங்கே இல்லை. உதவிக்கு விசுவாசத்தை விலையாகக் கேட்பது வியாபாரம். கேட்காததால்தான் சிலர் வகுப்பு முடிந்ததும் தாங்களாகவே உட்கார்ந்து, "நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள்?" என்று விசாரித்தார்கள்.

அப்படி விசாரித்த ஒரு பெண்மணி தன் தாய்மொழியில் வேதாகமம் கேட்டார். முழு வேதாகமம் இன்று 700-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. அவருடைய மொழியில் புதிய ஏற்பாடு மட்டும்தான். அவருக்கு வாசிக்கவும் வராது. ஒலிப்பதிவைத் தேடி எடுத்து அவர் போனில் ஏற்றிக் கொடுத்த தம்பிக்கு நன்றி.

சனிக்கிழமைகளில் வந்த வழக்கறிஞருக்கு நான் கடன்பட்டிருப்பது இன்னும் அதிகம். எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல மனதோடு நம்மில் ஒருவர் நிரப்பிய விண்ணப்பத்தில் குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிவிட்டன. கடவுச்சீட்டோடு ஒத்துப்போகவில்லை. அதைச் சரிசெய்யப் பல மாதங்கள் ஆயின. விசா விஷயத்தில் ஊகித்து ஆலோசனை சொல்வது அன்பு அல்ல என்று அப்போது கற்றுக்கொண்டோம்.

கடைசியாக, வந்தவர்களுக்கு. பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் 2024-இல் 30 கோடிக்கு மேல் என்று ஐ.நா. கணக்கிட்டது. நீங்கள் அதில் ஒரு கைப்பிடி. உங்களுக்கு நாங்கள் கொடுப்பதாகத்தான் நினைத்தோம். ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டு வெளியேறச் சொன்னபோது கொரிந்துக்கு வந்து சேர்ந்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். கூடாரம் செய்து பிழைத்த அந்தத் தம்பதி பவுலைத் தங்கள் வீட்டில் தங்கவைத்தார்கள். துரத்தப்பட்டவர்களே உபசரித்தார்கள். அப்போஸ்தலர் 18-ஐப் பல முறை வாசித்தும் நான் இதைக் கவனிக்கவில்லை. என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த அந்த இரண்டு வாரம் முறை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் நீங்கள் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை உங்கள் மொழியில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு இரண்டு முறை வந்தேன். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவருக்கும் நன்றி.

கார் அண்ணா, அந்த அட்டை என்னிடம்தான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊழிய ஒருங்கிணைப்பாளர்