சாயம் ஓடும் முப்பது விநாடி

மதுரை

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணின் ரத்தக்குழாய்களை ஊசியில்லாமல் படமெடுக்கும் புது ஓ.சி.டி. ஆஞ்சியோ கருவி வந்திறங்கிய பெருமை வரிக்கு வரி தெரிகிறது. சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில் ஒன்று எழுதியிருக்கிறாயே: "இனி ஊசி போட்டுச் சாயம் ஏற்றும் வேலை வேண்டாம் போலிருக்கிறது, பழைய கேமராவைக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள், படமும் முன்போல் தெளிவாக விழுவதில்லை" என்று. அதற்குத்தான் இந்த நீண்ட பதில். கையில் ஃப்ளோரசின் சாயத்தை ஏற்றி, அது கண்ணின் குழாய்களில் ஓடுவதைப் படமெடுக்கும் அந்தக் கேமராவைக் கொடுக்க விடாதே. படம் மங்குவதற்குக் கேமராவின் வயதும் காரணமாக இருக்கலாம், ஊசி போடும் கையும் காரணமாக இருக்கலாம். எது என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

முதலில் புதுக் கருவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். விழித்திரையில் ஒரே இடத்தை அடுத்தடுத்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ ஸ்கேன் செய்து, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். திசு அசையாது, சிவப்பணு ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, மாறியது எதுவோ அது ரத்தம். ஊசி இல்லை, குமட்டல் இல்லை, சில விநாடியில் வேலை முடிகிறது. மேலடுக்கு நுண்குழாய், ஆழத்து நுண்குழாய், விழித்திரைக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய் அடுக்கான கோராய்டின் மேல்விளிம்பு என்று ஏடு ஏடாகப் பிரித்தும் காட்டுகிறது. சாயப் படத்தில் ஆழத்து நுண்குழாய்கள் ஒருபோதும் இப்படிப் பிரிந்து தெரிந்ததில்லை.

ஆனால் கசிவைக் காட்டாது. குழாயை விட்டு வெளியே வந்து விழித்திரையின் மையமான மாக்குலாவில் தேங்கும் நீரில் ஓடும் சிவப்பணு கிடையாது; ஓட்டம் இல்லாததைக் கருவி ரத்தமாகவே மதிக்காது. அதே காரணத்தால், ரத்தம் மிக மெதுவாகச் சுழலும் இடங்களும் விட்டுப்போகும். நீரிழிவுக்காரரின் விழித்திரையில் சாயப் படத்தில் நட்சத்திரம்போல் மின்னும் நுண்புடைப்புகளில் சில, உன் புதுக் கருவியில் காணாமல் போவது இதனால்தான். குழாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். ரத்தம் எப்போது வந்தது, எங்கே வெளியேறியது என்று கேட்டால் பதில் இருக்காது. மத்திய நாள (விழித்திரையின் முக்கிய ரத்தக்குழாய்) அடைப்பிலும் விழித்திரை நாள அழற்சியிலும் டாக்டர் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

ஃப்ளோரசின் சாயமே அந்தக் கேள்விக்குப் பழக்கப்பட்டது. அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் இதைத் தயாரித்தார். 1877இல் ஜெர்மனியில் தான்யூப் ஆற்றின் தண்ணீர் நிலத்துக்குள் புகுந்து எங்கே போகிறது என்று பார்க்க 10 கிலோவைக் கொட்டினார்கள். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து ஆஹ் ஊற்றில் பச்சையாகப் பொங்கி வந்தது. நாம் கையில் ஏற்றி, பத்துப் பன்னிரண்டு விநாடியில் கண்ணில் எதிர்பார்க்கிறோம். கேள்வி ஒன்றுதான். மனிதக் கண்ணில் இதைப் படமாக எடுத்துக் காட்டியவர்கள் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு இந்தியானா மருத்துவ மாணவர்கள். கண் மருத்துவ இதழ் திருப்பி அனுப்பிய அவர்கள் கட்டுரை, 1961இல் இதய மருத்துவ இதழ் ஒன்றில்தான் வெளிவந்தது.

சரி, உன் அறைக்கு வருகிறேன். படம் மங்கல் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கேமராவின் ஃபில்டரை. நீல ஒளி 465 முதல் 490 நானோமீட்டர் வரை உள்ளே போக வேண்டும், 520க்கு மேல் உள்ள பச்சை மட்டும் திரும்பி வர வேண்டும். உள்ளே அனுப்பும் ஃபில்டரும் தடுக்கும் ஃபில்டரும் நாளாக ஆக வெளிறி, ஒன்றின் எல்லை மற்றதன்மேல் ஏறிவிடும். அப்போது சாயமே இல்லாத இடமும் சாம்பல் நிறத்தில் ஒளிரும். கண்டுபிடிப்பது சுலபம்: ஊசி போடுவதற்கு முன் இரண்டு ஃபில்டரையும் போட்டு ஒரு படம் எடு. கறுப்பாக வர வேண்டும். பார்வை நரம்புத் தட்டில் ட்ரூசன் என்ற படிவு இருந்தால் அது மட்டும் தானாக மினுங்கும், அது கோளாறு இல்லை. ஆனால் எந்த நோயாளிக்கு எடுத்தாலும் விழித்திரை முழுக்கச் சாம்பலாக வந்தால் ஃபில்டர் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கூட்டம் அதிகமானால் முதலில் தள்ளுபடி ஆவது இந்த ஒரு படம்தான். அதைத் தள்ளாதே.

அடுத்தது ஊசி. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் கணக்கு: 10 சதவீதக் கரைசல் என்றால் 5 மில்லி, 20 என்றால் 2.5, 25 என்றால் 2. குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 7.7 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பாதி அளவு போதும் என்று பல இடங்களில் குறைக்கிறார்கள். அளவைவிட முக்கியம் வேகம். ஐந்து முதல் பத்து விநாடிக்குள் மொத்தமும் உள்ளே போய்விட வேண்டும். பயந்து பயந்து அரை நிமிடம் இழுத்தால் சாயம் நீண்ட வால்போல் வந்து சேரும். தமனி நிறையும்போதே சிரையும் கொஞ்சம் நிறைந்திருக்கும், கட்டங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். உன் படங்களில் தமனிக் கட்டம் 'சோகையாக' இருக்கிறது என்கிறாயே, எனக்கு இந்தச் சந்தேகம்தான் அதிகம். ஊசி போடுவது யார், எத்தனை விநாடியில் போடுகிறார் என்று ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்.

முழங்கை மடிப்பு நரம்பில் 23 கேஜ் பட்டர்ஃப்ளை ஊசி போட்டு, முதலில் சலைன் செலுத்தி, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சாயத்தை மாட்ட வேண்டும். கரைசல் காரத்தன்மை உள்ளது. தோலுக்கடியில் இறங்கினால் எரிச்சல் தாங்க முடியாது, சில சமயம் சதை அழுகும் அளவுக்கும் போகும். வீக்கம் தென்பட்ட நொடியே நிறுத்தி ஐஸ் வை. வேலை முடியும்வரை ஊசியை எடுக்காதே. மயங்கி விழுந்தவருக்கு நரம்பு தேடுவது நரகம்.

கண் விரிக்கும் சொட்டில் ட்ராபிகாமைடு 0.8, ஃபினைல்எஃப்ரின் 5 சதவீதம் சேர்ந்த மருந்துதானே உங்களுக்கும்? ரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் தனி ட்ராபிகாமைடு போதும். இன்னொன்று, சாயத் தாள் வைத்துக் கண் அழுத்தம் பார்த்துவிட்டோ, கண்மேல் பொருத்தும் கோனியோ லென்ஸின் ஜெல்லோடோ நோயாளியை உன் அறைக்கு அனுப்பவிடாதே. கண்ணீரில் நிற்கும் அந்தச் சாயமே படத்தின்மேல் பனிபோலப் படியும். அன்றைக்குக் கேமராவைத் திட்டிப் பயனில்லை.

டாக்டரின் சீட்டில் "எஃப்.எஃப்.ஏ. இரு கண்" (எஃப்.எஃப்.ஏ. என்றால் இந்தச் சாயப் படம்) என்று மட்டும் இருந்தால் ஊசி போடும் முன் திருப்பி அனுப்பு. எந்தக் கண்ணின் ஓட்டம் வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். முதல் அரை நிமிடம் ஒரு கண்ணுக்குத்தான் கிடைக்கும், திரும்ப வராது. சாயம் உள்ளே போகத் தொடங்கும்போதே டைமரைத் தட்டு. எட்டாவது விநாடியில் இருந்து விநாடிக்கு ஒரு படம். கோராய்டு முதலில் திட்டுத் திட்டாக ஒளிரும், ஒரு விநாடி கழித்து விழித்திரைத் தமனி. கோராய்டோடு சேர்ந்தே ஒரு சின்னக் குழாய் மாக்குலாப் பக்கம் நிறைந்தால் பதறாதே, அது சிலியோரெட்டினல் தமனி, பலருக்கு இயல்பிலேயே உண்டு. பிறகு சிரைகளின் ஓரத்தில் மட்டும் கோடுகோடாகச் சாயம் ஓடும், நடுவில் இருட்டு. முப்பது விநாடிக்குள் முழுவதும் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு மறு கண்ணுக்குத் திரும்பலாம், பிறகு ஓரங்கள். இரண்டு, ஐந்து, பத்து நிமிடங்களில் இரு கண்ணுக்கும் தாமதப் படங்கள்.

பத்து நிமிடப் படத்தைச் சோம்பேறித்தனத்தால் விடுகிறவர்கள் நிறைய. ஆனால் பொருள் விளங்குவதே முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான். ஒரு வெளிச்சப் புள்ளி நேரம் ஆக ஆக பிரகாசம் கூடி, அளவிலும் பெருத்து, ஓரம் கலங்கினால் கசிவு. பிரகாசம் கூடியும் ஒரு வரம்புக்குள்ளேயே தெளிவான விளிம்போடு நின்றால் ஏதோ ஒரு பைக்குள் தேங்குகிறது. திசு சாயம் குடித்தது என்றால் பிரகாசம் கூடும், அளவு மாறாது. நிறமி அடுக்கு தேய்ந்த இடம் என்றால் கோராய்டோடு வெளிச்சம் வரும், கோராய்டோடு மங்கும். மாக்குலாவுக்கு அடியில் நீர் கோக்கும் மத்திய சீரஸ் நோயில் புள்ளியாகத் தொடங்கிப் புகைபோல் மேலே எழுந்து குடைபோல் விரியும் கசிவு எல்லோருக்கும் அமையாது. மைத்துளிபோல் பரவும் வகைதான் அதிகம். இருட்டான இடங்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். ரத்தக்கசிவு மறைக்கிறதா, நுண்குழாய் அடைந்து ரத்தமே போகவில்லையா என்று கேட்டால் அந்தக் கண்ணின் கலர் போட்டோவைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் சாயத்துக்கு முன் கலர் போட்டோ கட்டாயம் என்று நான் அடம்பிடிப்பது.

ஒரு எச்சரிக்கை. டிஜிட்டல் கேமராவில் தொடக்கத்தில் இருட்டாக இருக்கிறது என்று கெயினை, அதாவது படத்தின் வெளிச்சத்தைப் பெருக்கும் அளவை, ஏற்றுவோம். ஓட்டம் உச்சத்துக்கு வரும்போது அதை இறக்க மறந்தால் எல்லாமே வெள்ளையாக வெடிக்கும், நல்ல குழாயும் கசிவதுபோல் தெரியும். அதைப் பார்த்து டாக்டர் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து எழுதினால் பொறுப்பு யாருடையது?

நோயாளியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். தோல் சில மணி நேரம் மஞ்சளாகவும், சிறுநீர் ஒன்றரை நாள்வரை அடர் மஞ்சளாகவும் இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடு, இல்லையென்றால் மஞ்சள் காமாலை என்று இரவில் ஓடி வருவார்கள். சாயம் ஏறிய அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சிலருக்குக் குமட்டும், ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். வாய் வழியாக மூச்சு விடச் சொல். வெறும் வயிற்றில் வரச் சொல்லாதே, இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்தவர் சர்க்கரை இறங்கிச் சரிந்தால் பழி சாயத்தின்மேல் விழும். லேசான சாப்பாடு போதும். கர்ப்பிணிகளுக்கு முடிந்தவரை தவிர்ப்பதுதான் வழக்கம்.

வெளிறி வியர்த்துச் சாய்கிறவரின் நாடியைத் தொட்டுப் பார். மெதுவாக இருந்தால் பயத்தில் வந்த மயக்கம், படுக்க வைத்துக் காலை உயர்த்து. வேகமாகவும் பலவீனமாகவும் இருந்து, தடிப்பு, மூச்சிரைப்பு சேர்ந்தால் அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. அப்போது முதல் மருந்து ஏவிலும் இல்லை, ஹைட்ரோகார்டிசோனும் இல்லை. அட்ரினலின், 1:1000, 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கச் சதையில், டாக்டரைக் கூப்பிட்டபடியே. 1986இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில் கடும் எதிர்வினை 1,900 பேருக்கு ஒருவருக்கும், மரணம் ஏறக்குறைய 2,20,000 பேருக்கு ஒருவருக்கும் என்று இருந்தது. அபூர்வம்தான். அதற்காக ட்ரேயில் அட்ரினலின் தேதி முடிந்து கிடக்கக் கூடாது.

பச்சைச் சாயத்தைப் பற்றி ஒரு வரிதான் கேட்டாய், ஒரு பத்தியில் முடிக்கிறேன். இண்டோசயனின் கிரீன் ஏறக்குறைய முழுவதும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் கோராய்டு குழாயை விட்டு அவ்வளவாக வெளியேறாது. அகச்சிவப்பில் ஒளிர்வதால் நிறமியையும் மெல்லிய ரத்தத்தையும் தாண்டித் தெரியும். கோராய்டு குழாய்கள் மொட்டுப்போல் புடைக்கும், ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் பாலிப்பாய்டல் நோய்க்கு இதுதான் சாட்சி. முதல் ஆறு நிமிடத்துக்குள் பாலிப் ஒளிர வேண்டும், ஆகவே அங்கேயும் தொடக்கப் படங்கள் முக்கியம். கூட வரும் தண்ணீரிலேயே கரை, சலைனில் கரைத்தால் திரியலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் கரைத்து வைக்காதே. அயோடின் ஒவ்வாமையைக் கேட்காமல் கை வைக்காதே.

உன் புதுக் கருவிக்கு இரண்டு குறிப்பு. 3×3 மில்லிமீட்டரில் அழகாக விழும் நுண்குழாய் 12×12இல் கரடுமுரடாகத் தெரிந்தால் நோய் என்று நினைக்காதே, ஸ்கேன் புள்ளிகள் பரந்த இடத்தில் சிதறியதுதான் காரணம். இன்னொன்று, மேலடுக்குக் குழாயின் நிழல் கீழடுக்கில் விழுந்து புதுக் குழாய்போல் நடிக்கும். கீழே ஒரு வலை தெரிந்தால் அதே வடிவம் மேலேயும் இருக்கிறதா என்று பார், பக்கத்தில் குறுக்குவெட்டுப் படத்தையும் திறந்து அடுக்குகளைப் பிரிக்கக் கருவி போடும் கோடு சரியான இடத்தில்தான் ஓடுகிறதா என்று பார். நீர் கோத்த மாக்குலாவில் அந்தக் கோடு பெரும்பாலும் தடம் புரளும், கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கண் உலர்ந்து சிக்னல் இறங்கினால் ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டு மறுபடி எடு.

இரண்டு கருவிக்கும் வேலையைப் பிரித்துக்கொள். அடிக்கடி வரும் நீரிழிவு நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கப் புதியது போதும். முதல் தடவை வரும் நாள அடைப்பு, காரணம் தெரியாத மாக்குலா வீக்கம், அழற்சி, ஓரத்தில் புதுக் குழாய் இருக்குமோ என்ற சந்தேகம், இவற்றுக்குச் சாயம்.

அடுத்த கடிதத்தோடு சாயம் போடும் முன் எடுத்த அந்தக் கறுப்புப் படத்தையும், டைமர் தெரியும்படி எட்டாவது விநாடியில் இருந்து இருபதாவது வரையிலான படங்களையும் அனுப்பு. கறுப்பு கறுப்பாகவே இருந்து, தமனிக் கட்டம் மட்டும் சோகையாக இருந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம், ஊசிக்காரரிடம் பேசுவோம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்