ஆயிரம் ரூபாய் பென்ஷன்: எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் நம் தொகுதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கடைசிவரை இருந்து கேட்டேன். தொகுதி மறுவரையறை, பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய நிதி நிறுத்தப்பட்டது, நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் என்று வரிசையாகப் பேசினீர்கள். பெரும்பாலானவற்றில் எனக்கும் உடன்பாடுதான். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்குத் தண்டனையாக மக்களவையில் பலம் இழக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஒரு தேசியப் பிரச்சினையில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்கிற உறுப்பினர் கிடைத்திருக்கிறார் என்பதில் எங்களுக்குப் பெருமைதான்.

கூட்டம் முடிந்து நீங்கள் காருக்குப் போகிற வழியில், ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளர்கள் சிலர் உங்களிடம் ஒரு மனு கொடுத்தோம். இ.பி.எஸ்-95, அதாவது வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொழிலாளர்களுக்கான 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம், அதன் குறைந்தபட்ச ஓய்வூதியம் பற்றிய மனு. மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டீர்கள். "இதைப் பற்றி நான் அவையில் கேள்வி கேட்டாச்சு, அமைச்சரும் பதில் தந்துட்டார், இனி நிதி அமைச்சகம்தான் முடிவெடுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். அந்தப் பதில்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நீங்கள் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் படித்தேன். பென்ஷன் நிதியில் 2019 மார்ச் 31 நிலவரப்படி பற்றாக்குறை இருக்கிறது, தொழிலாளியின் சம்பளத்தில் 1.16 சதவீதத்தை அரசு ஏற்கனவே செலுத்துகிறது, ஆயிரம் ரூபாயை எட்டாதவர்களுக்கு அதை ஈடுகட்டவும் பட்ஜெட்டில் இருந்து பணம் தருகிறது என்கிறது பதில். உங்களுக்கு முன்னால் வேறு கட்சிக்காரர்கள், வேறு மாநிலத்துக்காரர்கள் கேட்டபோதும் கிட்டத்தட்ட இதே வரிகள்தான் வந்தன. கேட்பவர் மாறுகிறார், பதில் மாறுவதில்லை. அப்படிப்பட்ட பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

2014 செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அது இன்றுவரை ஒரு ரூபாய்கூட உயரவில்லை. இந்தத் திட்டத்தில் நாடு முழுக்க 78 லட்சத்துக்கும் அதிகமான ஓய்வூதியர்கள் இருக்கிறோம். கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சராசரிச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 4,200 ரூபாய் சம்பளத்தில் 14 வருடம் கணக்கில் ஏறிய ஒருவருக்கு 840 ரூபாய் வரும். ஆயிரத்துக்குக் குறைவாக இருப்பதால் அது ஆயிரமாக்கப்படும்.

எங்கள் மில்களில் பணிக்காலம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். பதிலியாக, அதாவது வராதவருக்கு மாற்று ஆளாக, வேலை செய்த காலம் பலருக்குக் கணக்கிலேயே ஏறவில்லை. மில் மூடிக் கிடந்த காலம் போயிற்று. அப்புறம் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவ்வளவையும் கழித்துவிட்டு மிஞ்சிய வருடங்களைத்தான் 70ஆல் வகுக்கிறார்கள்.

என்னோடு ஸ்பின்னிங்கில், அதாவது நூல் நூற்கும் பிரிவில், இயந்திரம் பார்த்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. எழுபது தாண்டிவிட்டது. மனைவி இல்லை. மகள் வெளியூரில் இருக்கிறாள், அவள் குடும்பமே வாடகை வீட்டில்தான். இவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளி. சாயங்காலம் போய் உட்கார்ந்தால் காலையில்தான் எழுந்து வருவார். இளவயதில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்த உடம்பு. பஞ்சுத் தூசியால் வந்த இருமல் இன்னும் விடவில்லை. மழைக்காலம் வந்தால் அந்தக் குடியிருப்புக்காரர்களே, "தாத்தா, வீட்டுக்குப் போங்க" என்பார்களாம். போனால் அன்றைய சம்பளம் போய்விடும்.

பென்ஷன் ஆயிரம் வருகிறதே, ஏன் இந்த வேலை என்று யாராவது கேட்டால் அவர் சிரிக்கக்கூட மாட்டார். அவர் இருக்கும் ஒற்றை அறையின் வாடகைக்கே ஆயிரம் பற்றாது.

இந்த ஆயிரத்துக்கும் வருடம் ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். அது தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. போன தடவை அவர் வங்கிக்குப் போனார். இயந்திரம் அவர் கைரேகையை எடுக்கவில்லை. வருடக்கணக்காக அறுந்த இழையை எடுத்து ஒட்டி ஒட்டித் தேய்ந்த விரல்கள், அதில் ரேகை எங்கே இருக்கும்? இன்னொரு விரல், இன்னொரு கை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் அதே கதை. முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும். அவரிடம் இருப்பது பட்டன் போன். இதற்கிடையே கெடு முடிந்து பென்ஷன் நின்றுவிட்டது. கடைசியில் அந்தக் குடியிருப்பில் படிக்கிற ஒரு பெண் தன் போனில் அவர் முகத்தைப் படம் பிடித்துப் பதிந்து கொடுத்தாள். நின்றுபோன தொகையும் பிறகு வந்து சேர்ந்தது. ஆனால் இராத்திரி வேலை முடித்துத் தூங்காமல் அலைந்த நாட்களிலும், வேலைக்கே போக முடியாமல் போன நாட்களிலும் அவர் இழந்ததை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர் ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "ஆயிரம் ரூபா பெருசில்லப்பா. நான் வேலை செஞ்சேன்னு கவர்மெண்டு ஒத்துக்கிறது அது ஒண்ணுலதான்." இதை உங்களிடம் நேரில் சொல்லத்தான் அன்றைக்குக் காத்திருந்தோம். நேரம் கிடைக்கவில்லை.

தயவுசெய்து இதை யாரோ போடும் பிச்சை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் மாதாமாதம் இந்த நிதிக்குத்தான் போனது. அது எங்கள் உழைப்புக்கான கூலியின் ஒரு பகுதி. தமிழ்நாடு அரசு 2023இல் முதியோர் உதவித்தொகையை 1,000 ரூபாயில் இருந்து 1,200 ஆக்கியது. அந்தத் தொகையை வாங்கும் முதியவர்களுக்கு அது கிடைக்க வேண்டியதுதான், இன்னும் கூடுதலாகவே கிடைக்க வேண்டும். ஆனால் வேலைக்காலம் முழுக்க நிதி கட்டியவனின் ஓய்வூதியம், எதுவும் கட்டாதவர்களுக்கான உதவித்தொகையைவிடக் குறைவாக இருக்கிறது என்றால், அந்தத் திட்டத்தை எந்த நியாயத்தில் சமூகப் பாதுகாப்பு என்று சொல்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 1,00,000 ரூபாயில் இருந்து 1,24,000 ஆனது, 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000 ரூபாயில் இருந்து 31,000 ஆனது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டாம் என்று பேசுகிறவன் அல்ல நான். சம்பளம் இல்லையென்றால் பணக்காரர்கள் மட்டும்தான் நாடாளுமன்றத்துக்குப் போக முடியும். இதில் என் கண்ணில் பட்டது தொகை அல்ல, அது உயர்ந்த வழி. 2018 நிதிச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பணவீக்கக் குறியீட்டை வைத்து உங்கள் சம்பளம் தானாக உயர்கிறது. யாரும் மனு கொடுக்க வேண்டியதில்லை, யாரும் காருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. விலைவாசி ஏறினால் வருமானமும் ஏற வேண்டும் என்ற நியாயத்தை நாடாளுமன்றம் தனக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே நியாயத்தை எங்களுக்கும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன்.

எவ்வளவு தர வேண்டும் என்பதும் புதிதாக ஆராய வேண்டிய விஷயம் இல்லை. மாநிலங்களவையின் மனுக்கள் குழு பகத்சிங் கோஷியாரி தலைமையில் 2013லேயே, குறைந்தது 3,000 ரூபாய் ஆக்குங்கள் என்று பரிந்துரைத்தது. தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 மார்ச்சில் கொடுத்த அறிக்கையில், எட்டு ஆண்டுக்கு முன் நிர்ணயித்த ஆயிரம் ரூபாய் இன்றைக்குப் போதவே போதாது என்று சொன்னது. ஓய்வூதியர் அமைப்புகள் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் மருத்துவ வசதியும் கேட்கின்றன. எந்த எண்ணில் தொடங்கினாலும் அது விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் பத்து வருடம் கழித்து வேறு யாரோ இதே மடலை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2014இல் அந்த ஆயிரம் வந்ததே ஒரு அறிவிக்கையால்தான். மசோதா வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டாம். அரசு மனம் வைத்தால் போதும், ஆனால் அதற்கு அவையில் இருந்து விடாமல் அழுத்தம் வர வேண்டும். அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்விக்கு வந்த பதில் போதவில்லை என்றால் அதைப் பற்றி அரை மணி நேர விவாதம் கேட்க மக்களவை விதி 55 இடம் தருகிறது. மூன்று நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆதரவாக இன்னும் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்நாட்டில் இருந்து 39 பேரும் புதுச்சேரியில் இருந்து ஒருவரும் போயிருக்கிறீர்கள். இரண்டு கையெழுத்து கிடைக்காதா? 377ஆவது விதியின் கீழ் பிரச்சினையை எழுப்பலாம். தொழிலாளர் அமைச்சகத்தின் செலவுக்கான மானியக் கோரிக்கை வரும்போது, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். இதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த நீங்கள் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டதுதான் எங்களுக்கு வருத்தம்.

வருத்தம் உங்களோடு மட்டும் முடிவதில்லை. 2020 செப்டம்பரில் அந்த நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில் மூன்று மக்களவையில் நிறைவேறிய அன்று எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. வேளாண் மசோதாக்களுக்காக எழுந்த கோபம் அது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் கோடிக்கணக்கான தொழிலாளர்களின் வேலை, பாதுகாப்பு, ஓய்வுக்காலம் எல்லாவற்றையும் தொடும் சட்டங்கள், எதிர்த்துப் பேச ஆளில்லாத அவையில் நிறைவேறின. 2025 நவம்பர் 21 அன்று அந்தச் சட்டங்கள் நடைமுறைக்கும் வந்துவிட்டன. இப்போது மேடைக்கு மேடை எல்லோரும் எதிர்த்துப் பேசுகிறார்கள். அன்றைக்கு அவைக்குள் ஒரு எதிர்க்குரலாவது பதிவாகியிருந்தால் என்ன? தொழிலாளி என்றால் மே மாதம் முதல் தேதி வாழ்த்து, மற்ற நாட்களில் மௌனம் என்று கட்சிகள் பழகிவிட்டன. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசு எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரும் பங்கு மாதம் 200 ரூபாய்தான், அதுவும் ஏறக்குறைய இருபது ஆண்டாக. இதற்காக எந்தக் கட்சி அவையை ஒரு நாள் நிறுத்தியது?

சரி, நான் கேட்க வந்ததற்கே வருகிறேன். உங்களை நாங்கள் எதிரியாகப் பார்க்கவில்லை. மாநில உரிமைக்காக நீங்கள் அவையில் எழுந்து நிற்கும் அதே உறுதியை இதிலும் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறோம். மறுவரையறையும் கல்வி நிதியும் தேசியப் பிரச்சினை என்றால், 78 லட்சம் பேரின் ஓய்வூதியமும் தேசியப் பிரச்சினைதான். "நிதி அமைச்சகம்தான் முடிவெடுக்கணும்" என்று அமைச்சர் சொல்லலாம். நீங்கள் சொல்லக் கூடாது. அந்த முடிவை எடுக்க வைக்கத்தான் உங்களை அனுப்பினோம்.

அடுத்த கூட்டத்தொடரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் பற்றி இன்னொரு கேள்வி கொடுங்கள். அதே பழைய பதில் வந்தால் அதன்மேல் அரை மணி நேர விவாதம் கேளுங்கள். அங்கே இரண்டை மட்டும் வலியுறுத்துங்கள்: குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டும், உயர்த்தியதை விலைவாசியோடு இணைக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்தும் சபாநாயகர் அனுமதிக்கவில்லை என்றால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வோம். கேட்டும் கிடைக்கவில்லை என்பதை எங்களால் தாங்க முடியும், கேட்கவே இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் உங்கள் தொகுதி அலுவலகத்தில் எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காலை நேரமாக இருந்தால் நல்லது. எங்களில் சிலர் இரவு வேலை முடித்து அப்படியே வர வேண்டியிருக்கும். ஒவ்வொருவரின் பணிக்காலம், சம்பளம், கையில் வரும் பென்ஷன் என்ற விவரங்களைத் தாளில் எழுதிக் கொண்டுவருகிறோம். அவையில் பேச அது உங்களுக்கு உதவும்.

நன்றியுடன்,
உங்கள் தொகுதி வாக்காளன்,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி