கோர் தெ கார்த் மலைக் கோவிலில் எனக்குச் சோறு போட்ட அம்மாவுக்கு நன்றி

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது அம்மா, ஆனாலும் இந்த நன்றியை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. ஊரே காவடி பார்க்கக் கிளம்பிவிட, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் எபேன் நகர அலுவலகத்தில் எங்களுக்கு ஷிப்ட் ஓடியது. பொங்கலுக்கும் லீவு கிடைக்கவில்லை, அம்மா அப்பாவை விட்டு வந்து முதல் பண்டிகைக் காலம் வேறு, அதனால் நைட் ஷிப்ட் முடிந்து அப்படியே கோவிலுக்கு வந்தபோது மனசு ரொம்பவே சோர்ந்திருந்தது.

தனியாக நின்றவனிடம் "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டீர்கள். அப்புறம் பாதி இந்த ஊர்க் கிரியோல் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உங்கள் குடும்பத்துக்கு நடுவில் உட்கார வைத்து, பூசணி, பலாக்காய், ரசம் என்று வாழையிலையில் இங்கே வழக்கமான ஏழு சைவக் கறியும் பரிமாறினீர்கள். விரதமிருந்து காவடி எடுத்த உங்கள் மகனுக்குப் போடுவதற்கு முன்னால் எனக்குப் போட்டீர்களே, அதை எப்படி மறப்பேன்! பண்டிகை நாளில் ரூமில் அடைந்து கிடக்காதே, கோவிலுக்கு வா, நாங்கள் இருப்போம் என்றும் சொன்னீர்கள்.

அதைப் பிடித்துக்கொண்டேன். தீபாவளிக்கும் வேலைதான், ஆனால் இங்கே ஏழு மணி என்றால் ஊரில் எட்டரை, ஷிப்டுக்கு முன்பே வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு, பக்கத்து வீட்டார் கொடுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு காத்தோ என்ற இனிப்புப் பலகாரத்தை அலுவலகத்தில் பங்கிட்டுச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தோம்.

இது உங்கள் வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் அம்மாவிடம் காட்டுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு லீவு வாங்கிவிட்டேன், பரிமாற நானும் வருகிறேன்.