புல்லு மருந்து அடிச்ச எங்க தெரு நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணா, செயலாளர் சார், பொருளாளர் அக்கா, கமிட்டில இருக்கிற மத்த எல்லாருக்கும் வணக்கமுங்க.

மூணாவது குறுக்குத்தெரு கடைசி வீடு, கொடுக்காப்புளி மரத்து வீடுன்னா உங்களுக்குத் தெரியும். இத நம்ம வாட்ஸப் குரூப்புல போட்டா ரெண்டு நிமிஷத்துல குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிரும், அதான் கன்னங்குறிச்சிப் பக்கம் இருக்கிற மத்த தெருக்காரங்களும் படிக்கட்டும்னு பொதுவுல எழுதறேன். கோவமா எழுத உக்காந்தேன், ரெண்டு தடவ அழிச்சிட்டேன், இப்ப பாதிக் கோவம்தான் மிச்சம்.

நடந்தது இதுதாங்க. புரட்டாசி கடைசில ஒரு செவ்வாய்க்கிழமை, ஏற்காட்டுல அக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் பஸ்ஸு எறங்கி வர்றேன், தெரு பூரா ஒரு மாதிரி நெடி. ஒரு தம்பி முதுகுல டேங்க் மாட்டிக்கிட்டு ரோட்டோரம், சாக்கடை ஓரம், என் வீட்டுக்கும் பக்கத்துக் காலி மனைக்கும் நடுவுல இருக்கிற வேலி ஓரம்னு எல்லா எடத்துலயும் அடிச்சு முடிச்சிட்டு, டேங்க கழுவிக்கிட்டு இருக்காரு, எங்கன்னு கேட்டா தெருக்குழாயடியில. என்ன தம்பி இதுன்னேன், "புல்லு மருந்துங்க்கா, சங்கத்துல அடிக்கச் சொன்னாங்க"ன்னாரு. கேன வாங்கிப் பார்த்தா கிளைபோசேட். கையில உறை இல்ல, மூஞ்சில ஒரு கர்சீப்பு, அவ்ளோதான். அந்தத் தம்பி மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, அவருக்கு அது அன்னைக்குக் கூலி.

காத்துல வந்த சாரல்ல என் பாகல் கொடியும் அவரைக் கொடியும் பத்து நாள்ல மஞ்சளாகிப் போச்சு. போனா போகுது, வெதை டப்பால இருக்கு, அடுத்த மழைக்கு ஊனிக்கலாம். அதுக்காக இவ்ளோ நீளமா எழுத மாட்டேன்.

வேலி ஓரத்துல ரெண்டு எருக்கஞ்செடி இருந்துச்சு பாருங்க, அது மருந்துக்குச் சாகாதுன்னு வெட்டியே போட்டுட்டாங்க. அன்னைக்குக் காலைல கெளம்பறப்பதான் அதுல புழு எண்ணிட்டுப் போனேன், பதினொண்ணு. வெள்ளை, கருப்பு, மஞ்சள்னு கோடு கோடா, முதுகுல மூணு ஜோடி கருப்புக் கொம்பு, ஏதோ கல்யாண வீட்டு பேண்டு செட்டு யூனிபாரம் மாதிரி இருக்கும். வெந்தய வரியன்னு சொல்ற பட்டாம்பூச்சியோட புழு அது. எருக்கம்பால்ல இருக்கிற விஷத்த உடம்புக்குள்ளயே சேத்து வெச்சுக்கும், அதனால குருவி கொத்தாது, ஒரு தடவ கொத்துனது மறு தடவ கிட்ட வராது. நான் திரும்பி வந்து பாக்கறப்ப வெட்டிப் போட்ட கெளையில வாடுன எலை மேல நாலுதான் ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு, மத்தது எங்க போச்சோ. அந்த நாலையும் எலையோட எடுத்துட்டுப் போயி ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற எருக்குல விட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் போயி பாத்தா ரெண்டு புழு எலைக்கு அடியில தலைகீழாத் தொங்கி கூடு ஆயிருந்துச்சு, வெளிறுன பச்சையில தங்கப்புள்ளி வெச்ச ஜிமிக்கி மாதிரி. அம்பது வயசுக்கு மேல ஒரு பொம்பளை எருக்கஞ்செடிக்கு அடியில குனிஞ்சு நிக்கிறதப் பாத்துட்டு ஒருத்தர் பைக்க நிறுத்தி "ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களாம்மா"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

சரி, பட்டாம்பூச்சிக்கு எல்லாம் சங்கம் பொறுப்பாக முடியுமான்னு கேப்பீங்க. கேளுங்க. ஆனா முனை வீட்டுப் பாட்டிக்கு யார் பொறுப்பு? மழை பேஞ்சா மூணாம் நாள் அந்தம்மா மடியக் கட்டிக்கிட்டு காலி மனையில எறங்கிரும், தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் கலந்து பறிச்சிட்டுப் போயி கடைஞ்சு, ராகிக் களிக்குத் தொட்டுக்க வெச்சிரும், எனக்கும் ஒரு கிண்ணம் வரும். மருந்து அடிச்ச மறுநாள் காலைல அதே எடத்துல நிக்குது. இந்த மருந்து அடிச்ச அன்னைக்கே எலை கருகாதுங்க, எலை வழியா உள்ள எறங்கி வேர் வரைக்கும் போயி ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுதான் மஞ்சளாகும், அதுவரைக்கும் பாக்கறதுக்குப் பச்சைப்பசேல்னுதான் இருக்கும். நான் ஓடிப்போயி நிறுத்தலேன்னா அன்னைக்கு மத்தியானம் கடைசல் ரெடி. ஒரு அட்டையில "மருந்து அடிச்சிருக்கு"ன்னு எழுதி ஒரு குச்சியில கட்டக் கூடவா ஆள் இல்ல? பின்னாடி சந்துல ஆடு மேய்க்கிறவரோட வெள்ளாடும் அதத்தான் மேஞ்சுச்சு, ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல, அதையும் சொல்லிடறேன், கூட்டிச் சொல்லக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல இந்த கிளைபோசேட்ட மனுஷனுக்குப் புத்துநோய் வரவைக்க வாய்ப்பு இருக்கிற பட்டியல்ல வெச்சுது, அப்படியெல்லாம் இல்லன்னு வேற சில நாட்டு அமைப்புங்க சொல்றாங்க, அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. ஆனா நம்ம மத்திய அரசே 2022 அக்டோபர்ல அறிவிக்கை போட்டு, பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆளுங்கதான் இத அடிக்கணும்னு சொல்லுச்சே, அதயாச்சும் பாத்திருக்கலாம்.

கேட்டா செயலாளர் சார் சொல்றாரு, "டெங்கு சீசன்மா, புதர் இருந்தா கொசு"ன்னு. சார், கோவிச்சுக்காதீங்க, டெங்குக் கொசு புல்லுல முட்டை போடாது. அதுக்கு வேணும்கிறது தேங்கி நிக்கிற நல்ல தண்ணி. செரட்டை, டயர், பிளாஸ்டிக் கப்பு, பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, இதுல முட்டை போட்டா பத்து நாளுக்குள்ள பறக்கிற கொசுவாயிரும். பகல்ல நெழலுக்குச் செடிக்குள்ள ஒதுங்கும், அது உண்மை, நான் மறுக்கல, ஆனா பொறக்கிற எடம் அது இல்ல. போன ஞாயித்துக்கிழமை நம்ம தெருவ ஒரு நடை நடந்தேன். யாரும் மாவாட்டாத ஆட்டுக்கல்லு மூணு வீட்டு வாசல்ல கெடக்குது, மூணுலயும் குழியில மழைத்தண்ணி, ஒண்ணுல புழு நெளியறது நின்ன எடத்துலருந்தே தெரியுது. கட்டிட வேலை நடக்கிற வீட்டுல தண்ணித்தொட்டி தொறந்து கெடக்கு. இதுக்கெல்லாம் மருந்தே வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவ கவுத்து விட்டா போதும்.

அடுத்தது பாம்பு. இந்தப் பயம் எனக்கும் உண்டு, ராத்திரி டார்ச்சு இல்லாம கொல்லைக்குப் போக மாட்டேன். ஆனா நம்ம தெருவுல இதுவரைக்கும் நான் பாத்தது எல்லாம் சாரை, அதுக்கு விஷமே கெடையாது, அது வர்றது எலிக்கு. எலி வர்றது காலி மனையில நாம மூட்டை கட்டிப் போடற சோத்துக்கும் கறிக்கழிவுக்கும், அப்புறம் வீடு கட்டுனவங்க அள்ளாம விட்ட செங்கல் குவியல்ல தங்கறதுக்கும். புல்ல மட்டும் கருக்கிட்டு அந்தக் குவியல அப்படியே விட்டுருக்கீங்க. பாம்பு எங்க இருக்கும், செங்கல்லுலதான் இருக்கும். வீட்டுப் பக்கமா ரெண்டு எட்டு அகலத்துக்குப் புல்ல ஒட்ட வெட்டி வெச்சு, குப்பையையும் செங்கல்லையும் அள்ளிட்டாலே பாதிப் பயம் போயிரும். மீறி உள்ள வந்துச்சுன்னா தீயணைப்புக்குப் போன் போடலாம், வந்து புடிச்சிட்டுப் போவாங்க.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். ஐப்பசி மழை ரெண்டு பேஞ்சிருச்சு இல்ல, மருந்து அடிச்ச எடத்த ஒரு தடவ வந்து பாருங்க. தும்பை இல்ல, குப்பைமேனி இல்ல (எங்க பூனை அதோட வேருக்காக அந்த எடத்தையே சுத்திச் சுத்தி வருது, பாவம்), மூக்கிரட்டை இல்ல, தாத்தாப்பூ இல்ல. என்ன மொளைச்சிருக்கு தெரியுமா, கேரட் எலை மாதிரி எலையோட வரிசையா பார்த்தீனியம், அதுக்கு நடுவுல கோரை. தோல் அரிப்பும் மூச்சு எளைப்பும் குடுக்கிற செடி எதுவோ, எதத் தொலைச்சுக் கட்டணுமோ, அதுக்கு நாமளே பாத்தி கட்டிக் குடுத்த மாதிரி ஆயிருச்சு. ஏன்னா மருந்து மண்ணுக்குள்ள இருக்கிற வெதைய ஒண்ணும் பண்ணாது. ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்குல வெதை கொட்டும், வெத்து மண்ணும் வெயிலும் கெடச்சா அதுதான் மொதல்ல மொளைக்கும். மத்த செடிங்க மண்ண மூடிக்கிட்டு இருந்த வரைக்கும் ஓரமா அஞ்சாறுதான் நின்னுச்சு, அத நான் பூ எடுக்கிறதுக்கு முன்னாடி புடுங்கிப் போட்டுருவேன்.

கோரைக்கு மருந்து அடிச்ச பாவத்த நானும் பண்ணிருக்கேன், மறைக்க மாட்டேன். பத்து வருஷம் இருக்கும், கொல்லைய வாங்குன புதுசுல, கடைக்காரர் குடுத்தத அப்படியே அடிச்சேன். மேல காஞ்சு போச்சு, சந்தோஷமா இருந்தேன், அடுத்த மழைக்கு முன்ன விட ஜாஸ்தியா வந்துச்சு. மண்வெட்டி போட்டுத் தோண்டிப் பாத்தா ஒரு கிழங்கு, அதுலருந்து நூல் மாதிரி ஒரு வேரு, அது முடியற எடத்துல இன்னொரு கிழங்கு, இப்படியே மணி கோத்த மாதிரி கீழ போயிட்டே இருக்கு. கடைசில அத அடக்குனது சக்கரவள்ளிக் கொடிதாங்க. கோரைக்கு நெழல் ஆகாது. பழைய அட்டைப்பெட்டியப் பிரிச்சுப் போட்டு, மேல எலைதழையக் கொட்டி, அங்கங்க ஓட்டை போட்டு சக்கரவள்ளி நட்டேன், ரெண்டு சீசன்ல கோரை நோஞ்சானாயிருச்சு. முழுசாப் போகல, இன்னும் ஓரத்துல எட்டிப்பாக்கும்.

எங்கப்பா ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல முப்பது வருஷம் வேலை பாத்தவரு. காப்பியே வெளியூர்ச் செடிதான், 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டு வந்து வெச்சாருன்னு சொல்வாங்க. (தாத்தாப்பூவும் அமெரிக்காவுலருந்து வந்ததுதான், என் வாசல்ல நிக்கிற கொடுக்காப்புளியும் மெக்சிகோப் பக்கத்து மரம், பார்த்தீனியமும் அந்தப் பக்கம்தான். வெளியூருன்னு எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்க முடியாது.) அந்தத் தோட்டத்துல களைய மொட்டையாச் சொரண்ட மாட்டாங்க, அருவாளால மேலாக்க வெட்டி வெட்டுனத அங்கயே போட்டுருவாங்க, இல்லேன்னா சரிவுல ஒரே மழைக்கு மேல்மண்ணு ஓடையில போயிரும். சின்னப் புள்ளையில நான் ஒரு பாத்திய சுத்தமாப் புடுங்கி வெச்சுட்டு அப்பாவக் கூப்பிட்டுக் காமிச்சேன், பாராட்டுவாருன்னு. "மண்ண இப்படி அம்மணமா விட்டியே கழுத"ன்னு தலையில ஒரு கொட்டு.

நான் ஒண்ணும் தெருவக் காடாக்குங்கன்னு கேக்கல. நடக்கிற பாதை, சாக்கடை வாய், வீட்டுச் செவுரு ஓரம் சுத்தமா இருக்கணும், அதுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ புல்லு வெட்டற மெஷின் வெச்சு கணுக்கால் ஒசரத்துக்கு வெட்டிக்கலாம். காலி மனை வேலி ஓரத்துல ஒரு மூணடி மட்டும் விட்டுருங்க, அங்க எருக்கும் தும்பையும் இருந்துட்டுப் போகட்டும், செம்போத்து தெனமும் காலைல வந்து அந்த ஓரத்துலதான் நத்தையும் புழுவும் பொறுக்குது, அதுக்கு யாரும் கூலி குடுக்கல. பார்த்தீனியம் இப்ப எலையாத்தான் இருக்கு, கார்த்திகை பொறந்தா பூத்துரும், அதுக்குள்ள வேரோட புடுங்கியாகணும். வெறுங்கையில புடுங்கக் கூடாது, தும்மல் சளித் தொல்லை இருக்கிறவங்க வரவே வேண்டாம். இனிமே என்ன அடிக்கிறதா இருந்தாலும் மூணு நாள் முன்னாடி பலகையில எழுதிப் போடுங்க, பாட்டி படிக்காது, அதுக்கு நான் போயி சொல்லிக்கறேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு காலி மனைகிட்ட நிப்பேன். களைக்கொத்து மூணு இருக்கு, ரப்பர் கையுறை நாலு ஜோடி வாங்கி வெச்சிருக்கேன். இந்த மாச சந்தாவ கவர்ல போட்டு வெச்சிருக்கேன், மருந்துக்குன்னா தர மாட்டேன், களையெடுக்க ரெண்டு ஆள் கூலின்னா அங்கயே வாங்கிக்கலாம். வேலை முடிஞ்சதும் எல்லாருக்கும் தட்டுவடை செட் என் செலவு.

இப்படிக்கு,
கொடுக்காப்புளி மரத்து வீடு

பி.கு.: செயலாளர் சார், உங்க போர்ட்டிகோவுல மணி பிளான்ட் வெச்சிருக்கீங்களே கண்ணாடி பாட்டில்ல, ரொம்ப அழகா இருக்கு. அந்தத் தண்ணிய எப்ப மாத்துனீங்க?