எதிரில் நின்ற ஆசான்

தக்கலை,
18.3.2025

அன்புள்ள தாசா,

உன் கடிதம் மாசி பிறந்தவுடனே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வேலை. மண்டைக்காட்டுக் கொடைக்கு உன் மைனியின் தங்கை குடும்பம் மொத்தமாக வந்து இறங்கியது. அவர்கள் போன மறுநாள் கிணற்று மோட்டார் படுத்துக்கொண்டது. இன்றைக்குத்தான் கை ஓய்ந்தது.

உன் முட்டு எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறதே, இன்னும் படி ஏற யோசிக்கிறாய் என்று உன் மகன் போனில் சொன்னான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி நடன வகுப்பிலிருந்து தினமும் அழுதுகொண்டு வருகிறாள், நிறுத்திவிடலாமா, 'நீ முப்பது வருசம் பிள்ளைகளை ஆட்டிவைத்தவன், நீயே சொல்' என்று எழுதியிருந்தாய். 'ஆட்டிவைத்தவன்' என்பதை வேண்டுமென்றே போட்டாயா, தானாக வந்து விழுந்ததா தெரியவில்லை. தைத்தது மக்கா. நான் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்த நாட்களில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரும்.

மகள் மான்செஸ்டரில் நர்ஸ். அவளுக்கு ஷிப்டு, மருமகனுக்கு ஷிப்டு, வெளியே மழை. நம் ஊர் ஆனிச்சாரல் மாதிரி நனைந்துகொண்டே நடக்கிற மழை இல்லை அது, ஊசி. பகலெல்லாம் நானும் மைனியும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மட்டும் வீடு களைகட்டும். பிபிசியில் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்' என்று ஒரு நிகழ்ச்சி. 2004இல் தொடங்கி வருசாவருசம் நடக்கிறது. நம் ஊரில் 'ஜோடி நம்பர் ஒன்' பார்த்திருப்பாயே, ஏறக்குறைய அந்த வகை. ஆனால் அங்கே ஆடுவது பால்ரூம் நடனம், லத்தீன் நடனம். நடிகர், விளையாட்டு வீரர், செய்தி வாசிப்பவர் என்று ஆடத் தெரியாத ஒரு பிரபலத்தை ஒரு தொழில்முறை ஆட்டக்காரரோடு ஜோடி சேர்ப்பார்கள். வாரம் ஒரு புது நடனம். அந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்தான் ஆட்டத்தை அமைக்க வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும், சனிக்கிழமை கூடவே ஆடவும் வேண்டும். நான்கு நடுவர்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது மதிப்பெண். ஜனங்களும் ஓட்டுப் போடுவார்கள்.

முதல் வாரம் நான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மினுமினுப்புச் சட்டை, கட்டிப்பிடி ஆட்டம், நமக்கு எதற்கு என்று. அப்புறம் கிறிஸ் மெக்காஸ்லண்ட் என்கிற லிவர்பூல்காரன் வந்தான். மேடையில் சிரிப்புக் காட்டுகிறவன், நாற்பத்தேழு வயது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிற பரம்பரை நோய். வாலிபத்திலேயே பார்வை முழுதாகப் போய்விட்டது. இந்த நிகழ்ச்சிக்கு வந்த முதல் பார்வையற்றவர் அவன்தான். அவனுக்கு ஆசான், டயான் பஸ்வெல் என்கிற பெண். செக்கச்செவேல் தலைமுடி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்காரி. 2017லிருந்து நிகழ்ச்சியில் இருக்கிறாள், அதுவரை ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கியதில்லை. 2018இலும் 2023இலும் இறுதிச் சுற்றுவரை வந்து தவறவிட்டவள்.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். தாசா, யோசித்துப் பார். நானும், நமக்குக் களியல் கம்பாட்டம் சொல்லித்தந்த ஆசானும், எந்த டிரில் மாஸ்டரும் வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஒரே பாடம், 'என்னைப் பாரு, இப்படிச் செய்.' அந்த முதல் வாக்கியமே அவனிடம் செல்லாது. இவள் வாயால் சொல்கிறாள். அவன் கையை எடுத்துத் தன் தோள் மேலும் முழங்கை மேலும் வைத்து, 'நான் இப்போது எப்படி நிற்கிறேன், தடவிப் பார்' என்கிறாள். அவன் பாதத்தைக் கையால் பிடித்து இடம் வைக்கிறாள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அந்த வாரப் பயிற்சியைக் கொஞ்சம் காட்டுவார்கள். நான் ஆட்டத்தைவிட அதற்காகத்தான் காத்துக்கிடந்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வால்ட்ஸ் மாதிரி ஆட்டத்தில் ஆண்தான் நடத்துகிறவன். அவன் முகம் போகிற திசையில் இருக்கும். பெண் பெரும்பாலும் பின்னோக்கிப் போவாள். அவளுக்குப் போகிற வழி தெரியாது, அவனை நம்பிப் போக வேண்டும். இங்கே நடத்துகிறவனுக்குக் கண் இல்லை. கண் உள்ளவளோ முதுகுப் பக்கமாகப் போகிறாள். அந்தத் தளத்தில் அவள் பின்னால் நடந்துகொண்டே அவனுக்குத் திசையும் சொல்லி, பார்க்கிறவர்களுக்கு அவன்தான் அவளை நடத்துகிறான் என்று தோன்றவும் வைத்தாள். அது எப்பேர்ப்பட்ட வித்தை என்று எனக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு ஆட்டத்தின் நடுவில் விளக்கையெல்லாம் அணைத்துச் சில வினாடி அரங்கத்தையே இருட்டாக்கினார்கள். அவன் உலகம் இப்படித்தான் என்று காட்ட. உன் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிசம்பர் 14 அன்று அந்த இருவருக்கும்தான் கோப்பை. மகள் வீட்டில் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அப்புறம் பழைய ஆட்டங்களையும் மகள் தேடிப் போட்டுக் காட்டினாள். 2021இல் காது கேளாத நடிகை ஒருத்தி, ரோஸ் எய்லிங்-எல்லிஸ், கோப்பை வாங்கியிருக்கிறாள். அவள் ஆட்டத்தின் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஜோடி நிற்காமல் ஆடுகிறது, தாளம் ஒரு இழைகூடப் பிசகவில்லை. களியலில் கம்புச் சத்தத்தை எடுத்துவிட்டால் நாம் எத்தனை பேர் நின்றிருப்போம் சொல்.

ஆன்டன் டு பெக் என்று இன்னொருவர். முதல் வருசத்திலிருந்தே இருந்து, ஒரு தடவையும் ஜெயிக்காமல், 2021லிருந்து நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இவர் மேல் தனிப் பிரியம். 2010இல் ஆன் விடிகோம் என்று ஒரு முன்னாள் மந்திரியை இவர் தலையில் கட்டினார்கள். அறுபத்து மூன்று வயது, கனத்த உடம்பு, இடுப்பு ஒரு பக்கமும் வளையாது. ஆன்டன் என்ன செய்தார் தெரியுமா? அந்த அம்மாவைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் பத்தாவது வாரம்வரை கொண்டுவந்துவிட்டார்கள். இது கேலிக்கூத்து என்று மருமகன் சொன்னான். இருக்கலாம். ஆனால் அந்த அம்மா முகத்தில் ஒரு துளி அவமானம் இல்லை, சந்தோஷமாக்கும். தன் வித்தையைக் காட்ட நினைத்திருந்தால் இரண்டாவது வாரமே அந்த அம்மா அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

எல்லாரும் இப்படி என்று நினைத்துவிடாதே. 2024 கோடையில் அங்கேயும் பெரிய சத்தம். பயிற்சி அறையில் கடுமையாக நடந்துகொண்டார்கள் என்று சில ஆட்டக்காரர்கள் மேல் புகார். அதற்குப் பிறகு பயிற்சி நடக்கிற நேரமெல்லாம் அறையில் இன்னொரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பிபிசி ஏற்பாடு செய்தது. அதைக் கேட்டபோது என் கணுக்கால் எலும்பு தானாகக் கூசியது. ஆசானின் கம்பு வந்து விழுகிற இடம் அதுதானே.

இடையில் ஒரு நாள் ரயிலில் பிளாக்பூல் போனோம். கடற்கரை ஊர். அங்கே டவர் பால்ரூம் என்று நூறு வருசம் தாண்டிய கூடம், நிகழ்ச்சி வருசத்துக்கு ஒரு வாரம் அங்கே போகும். மற்ற நாளில் யாரும் டிக்கெட் எடுத்துப் போய் டீ குடிக்கலாம், ஆடலாம். தளம் முழுக்க மரம். மகாகனி, ஓக், வால்நட் என்று 30,602 துண்டுகளாம். கால் வைத்தால் மெல்லக் கொடுக்கிறது. எனக்கு நம் பத்மநாபபுரம் அரண்மனைத் தளம் ஞாபகம் வந்தது. சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது என்று காட்டுவார்களே, நாம் ஸ்கூல் விட்டு வரும்போது அதில் முகம் பார்த்துத் தலை சீவினோமே, அது. அந்த மரத்தளத்தில் நம் வயதுக் கிழவன் கிழவிகள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே பக்கமாகப் போகிறார்கள், நாம் கோயில் பிராகாரம் வலம் வருகிற திசைக்கு நேர் எதிர்ப்பக்கம். எனக்கு அபசகுனம் மாதிரி இருந்தது. முட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாரும் அப்படிப் போவதுதான் அந்த ஆட்டத்து வழக்கம் என்று மகள் சொன்னாள்.

சிரிக்காதே, நாங்களும் ஆடினோம். வால்ட்ஸுக்கு மூன்று எண்ணிக்கை, நம் கணக்கில் தகிட தகிட. நிமிடத்துக்கு ஏறக்குறைய முப்பது தகிட. என் வலது கை மைனியின் முதுகில், இடது தோள்பட்டை எலும்பின் மேல். ஊரில் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள், அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று வந்துவிட்டாள். என் இடது கால் முன்னால் போகும்போது அவள் வலது கால் பின்னால் போக வேண்டும். அவள் என் காலைப் பார்த்தாள். நான் இடதை எடுத்தேன், அவளும் இடதை எடுத்தாள். சுண்டுவிரலில் நச்சென்று மிதித்துவிட்டேன். 'நீங்கதான பாருன்னு சொன்னிய' என்று கத்தினாள்.

அங்கேயே நின்றுவிட்டேன் தாசா. அம்பத்திரண்டு வருசம் பின்னால் போய்விட்டேன்.

1972, அம்மன் கொடைக்கு நாம் களியல் படித்தது. எட்டுப் பேர், நடுவில் விளக்கு, விளக்குப் பக்கத்தில் ஆசான் கைமணியோடு. ஒருவன் பிசகினால் அவன் கம்புக்கு இரண்டு பக்கமும் பதில் கம்பு கிடைக்காது, மொத்த வட்டமும் கெட்டுப்போகும். நீ பிசகினாய். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், திரும்பிக் குனிந்து அடிக்கிற அந்த அடவில். 'எலே, என் காலைப் பாருலே' என்று ஆசான் கத்துவார். நீயும் பார்ப்பாய், கண் கொட்டாமல். மறுபடியும் பிசகும். கடைசியில் கம்பை வாங்கிக்கொண்டு உன்னைப் பெட்ரோமாக்ஸ் பக்கம் நிற்க வைத்தார். கொடை அன்றைக்கு இரவு முழுக்க நீ விளக்குக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாய். உன் இடத்தில் ஆடினவன் என் சித்தப்பா மகன். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

இதை இப்போது படி. நாங்கள் ஏழு பேரும் தை மாதமே சேர்ந்தவர்கள். ஆசான் முன்னால் நிற்பார், நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று காலைப் படித்தோம். நீ மஞ்சள்காமாலையில் கிடந்துவிட்டு மாசியில் வந்தாய். அதற்குள் வட்டம் கட்டியாகிவிட்டது. ஆசான் நடுவில், நீ அவருக்கு நேர் எதிரில். அவர் இடது காலை எடுத்தால் உன் கண்ணுக்கு அது வலது பக்கம். நீ வலதை எடுத்தாய். சொன்னபடி அவர் காலைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். வட்டத்தில் மற்றவர்கள் யாரும் அவர் காலைப் பார்க்கவேயில்லை, பக்கத்தில் இருப்பவன் காலைத்தான் பார்த்தோம்.

உனக்குத் தாளம் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தோமே. நீயும் உன் கல்யாணத்தில்கூட 'எனக்குத் தாளம் வராது' என்று சொல்லித்தானே நாதஸ்வரக்காரரிடமிருந்து தப்பித்தாய்.

ஊர் வந்ததும் ஒரு சோதனை செய்தேன். அந்தத் திரும்பிக் குனிகிற அடவை, செய்துகாட்டாமல், வார்த்தையால் மட்டும் எழுத முயன்றேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. உடம்பின் பாரம் எந்தக் காலில், எப்போது மாறுகிறது, கம்பு கிளம்புவது தோளிலிருந்தா மணிக்கட்டிலிருந்தா, எனக்கே தெரியவில்லை! முப்பது வருசம் ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் நான். பிசகுகிற பிள்ளைகளைத் திரை இழுக்க அனுப்பினேன். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், முகம் ஞாபகம் வருவது பதினொன்று. அதில் ஒருவன் இப்போது திங்கள்சந்தையில் டெம்போ ஓட்டுகிறான். என்னைக் கண்டால் இன்னமும் வேட்டியை இறக்கிவிட்டு நிற்கிறான். அவனிடம் இதைச் சொல்லலாமா என்று இரண்டு தடவை வாய் வந்தது, மட்டிப்பழம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இனி உன் பேத்தி. வகுப்பை நிறுத்தாதே, தொடரவும் சொல்லாதே. முதலில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார். பிள்ளை பிசகும்போது டீச்சர் என்ன செய்கிறாள் என்று மட்டும் பார். அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொல்கிறாளா, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாளா? பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கிறாளா, எதிரிலேயே நிற்கிறாளா? சத்தம் மட்டும்தான் கூடுகிறது என்றால் வேறு இடம் பார். பிள்ளைக்கு ஆட வராது என்று மட்டும் யாரும் அவள் காதில் போடவிடாதே.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் போட்டுவிட்டார்கள், 77 மீட்டர். டிசம்பர் கடைசியில் திறந்தது. மைனி அதில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள், நான் வலது இடது சொல்லிக்கொண்டு போனேன். ரப்பர் விலை பற்றி எழுதவில்லை, உனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

சித்திரைக் கடைசியில் நம் அம்மன் கொடை. இந்த வருசம் பையன்களுக்குக் களியல் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் பக்கத்தில் நின்று. நீ வா. பரணில் பழைய கம்பு இரண்டு ஜோடி கிடக்கிறது, எண்ணெய் தடவி வைக்கிறேன். அந்த அடவில் குனிகிறது உன் முட்டுக்கு ஆகாது. திண்ணையில் உட்கார்ந்தே அடிக்கலாம், நான் உன் வலது பக்கம் இருப்பேன்.

உன்,
மணி